எடோகாவா ரம்போ: கதைக்காரரா, சங்கக்காரரா?

மதுரைவாசகன்:
வணக்கம். பழைய புத்தகக் கடையில் நாற்பது ரூபாய்க்கு ஓர் ஆங்கிலத் தொகுப்பு கிடைத்தது. ஜப்பானிய மர்மக்கதை எழுத்தாளர் எடோகாவா ரம்போவின் ஒன்பது கதைகள். 1956இல் டட்டில் பதிப்பகம் முதலில் போட்டது, என்னிடம் இருப்பது பின்னால் வந்த மறுபதிப்பு. அட்டை கிழிந்து, நடுப்பக்கத்தில் யாரோ வெற்றிலைக் கறை வைத்திருந்தார்கள். இரண்டே இரவில் முடித்துவிட்டேன். அதற்கப்புறம் இந்த மனிதரைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. முதல் கதை 1923இல் வந்தது. அவர் பெயரை நிலைநிறுத்திய கதைகள் அநேகமாக எல்லாமே அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் வந்துவிட்டன. அவர் இறந்தது 1965இல். நடுவில் முப்பது வருடம் இருக்கிறது. அந்த முப்பது வருடத்தில் பெரியவர்களுக்கு எழுதிய கதை குறைவு. சிறுவர் கதை, கட்டுரை, முன்னுரை, கூட்டம், சங்கம், பரிசு, பத்திரிகை என்று போயிருக்கிறது. "சரக்கு தீர்ந்துபோனது, தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். எனக்கென்னவோ அந்த இரண்டாவது பாதிதான் அவருடைய பெரிய வேலை என்று தோன்றுகிறது. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

அரைத்தூக்கம்:
யார் சார் இவர்? என் பையன் பார்க்கும் அனிமேயில் கண்ணாடி போட்ட குட்டிப் பையன் ஒருவன் வருவான், எடோகாவா கோனன் என்று. அவனுக்கு உறவா?

மதுரைவாசகன்:
உறவேதான். அந்தப் பெயரில் பாதி ரம்போ, பாதி கோனன் டாயில். அதே தொடரில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டு வழக்கைத் தீர்க்கும் மீசைக்காரர் பெயர் கோகோரோ. அது ரம்போவின் துப்பறிவாளர் அகெச்சி கோகோரோவிடமிருந்து வந்தது.

ரம்போ என்பதே இரவல் பெயர்தான். எட்கர் ஆலன் போவை ஜப்பானிய நாக்கில் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், எடோகாவா ரம்போ வந்துவிடும். அவர் தேர்ந்தெடுத்த எழுத்துகளைப் பொருளாகப் படித்தால் எடோ ஆற்றோரம் தள்ளாடி நடப்பவன் என்பது போல இருக்குமாம். வீட்டில் வைத்த பெயர் ஹிராய் தாரோ. 1894இல் மியே மாகாணத்து நபாரியில் பிறந்தவர்.

துப்புத்துலக்கி:
சண்டைக்கு நான் வருகிறேன். பெயரையே கடன் வாங்கியவர் கதையை மட்டும் சொந்தமாகவா எழுதியிருப்பார்? "உளவியல் சோதனை" கதையை எடுங்கள். ஏழை மாணவன், பணம் வைத்திருக்கும் கிழவி, கொலை. தஸ்தயேவ்ஸ்கியின் "குற்றமும் தண்டனையும்" அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சொல் சொன்னால் உடனே தோன்றும் சொல்லைச் சொல்ல வேண்டும் என்கிற அந்தச் சோதனை முன்ஸ்டர்பெர்க் என்ற உளவியலாளரின் புத்தகத்திலிருந்து எடுத்தது. போவிடமிருந்து மர்மம், டாயிலிடமிருந்து துப்பறிவாளர், ஜப்பானிய நாவலாசிரியர் தனிசாகியிடமிருந்து அந்த விபரீதமான அழகு. கூட்டிக் கழித்தால் ரம்போவுக்கு என்ன மிச்சம்?

கயல்:
நீங்கள் சொன்ன கதையையே எடுத்துக்கொள்கிறேன். ரஷ்ய மாணவன் கொலை செய்துவிட்டுக் காய்ச்சலில் புரள்கிறான். ரம்போவின் மாணவன் என்ன செய்கிறான்? தன்னைச் சோதிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் உட்கார்ந்து பயிற்சி எடுக்கிறான்! எந்தச் சொல்லுக்கு எந்தப் பதிலை எவ்வளவு நேரத்தில் சொல்வது என்று பரீட்சைக்குப் படிப்பது போலப் படிக்கிறான். குற்ற உணர்வு போய் மனப்பாடம் வந்துவிட்டது. அவன் எங்கே மாட்டுகிறான் என்பதை இங்கே எழுத மாட்டேன், படிக்காதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தில் ரம்போ தஸ்தயேவ்ஸ்கியையும் விட்டுவிட்டார், முன்ஸ்டர்பெர்க்கையும் விட்டுவிட்டார். கடன் வாங்குவதில் என்ன தப்பு? வாங்கியதை வைத்து என்ன சமைத்தார் என்று பாருங்கள்.

பழையபேப்பர்:
கயல் சொல்வது சரி. நான் முப்பது வருடம் பிழைதிருத்துநராக இருந்தவன், அதனால் இந்தக் கடன் கணக்கில் எனக்குக் கொஞ்சம் ருசி உண்டு. ரம்போ போவிடம் வந்து சேர்ந்தது வாசேடா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான். அதற்கு முன்பே அவரைப் பிடித்த ஆள் வேறு. குரோய்வா ருய்கோ என்று ஒரு பத்திரிகைக்காரர். ஆங்கில, பிரெஞ்சு நாவல்களை எடுத்து, பாத்திரங்களுக்கெல்லாம் ஜப்பானியப் பெயர் வைத்துத் தன் நடையில் தொடராகப் போட்டுத் தள்ளினார். ஆரணி குப்புசாமி முதலியாரையும் வடுவூர் துரைசாமி ஐயங்காரையும் படித்து வளர்ந்த வீட்டுக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது.

சின்ன வயதில் ரம்போவுக்கு அவருடைய அம்மா செய்தித்தாள் தொடர்கதைகளை வாசித்துக் காட்டுவாராம். அப்புறம் பள்ளி விடுமுறையில் அதாமி என்ற கடலோர ஊருக்குப் போனபோது, வாடகைப் புத்தகக் கடையில் ருய்கோவின் "பேய்க் கோபுரம்" கிடைத்திருக்கிறது. கடல் பக்கமே போகாமல் படுத்தபடி படித்து முடித்தார். பிற்காலத்தில் 1937இல் அதே கதையைத் தானே இன்னொரு முறை எழுதினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ருய்கோ கொடுத்திருந்த மூலநூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் பொருந்தவே இல்லை. மூலம் எது என்பதே வெகுநாள் ஒரு துப்பறியும் வேலையாக இருந்தது. கடைசியில் பார்த்தால் வில்லியம்சன் என்ற அம்மையார் எழுதிய ஆங்கில நாவல்.

மதுரைவாசகன்:
பேப்பர் ஐயா, நன்றி. முதல் கதை பற்றியும் சொல்லுங்கள், "இரண்டு சென் செம்புக் காசு". ஆங்கிலத் தொகுப்பில் அது இல்லை.

பழையபேப்பர்:
அதை நம் யோகோஹாமா நண்பர் சொல்லட்டும். அவர் மூலத்தில் படித்தவர்.

யோகோஹாமாவாசி:
கூப்பிட்டதற்கு நன்றி ஐயா. அலுவலகத்தில் ஒளிந்துகொண்டு தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும்.

கதையில் உள்ளே குடைந்த ஒரு காசு கிடைக்கிறது. அதற்குள் ஒரு துண்டுக் காகிதம். காகிதம் முழுக்க "நமு அமிதா புட்சு" என்ற பிரார்த்தனையின் எழுத்துகள். நம் வாய்க்கு நமோ அமிதாப புத்த. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் சில எழுத்துகள் இருக்கும், சில இருக்காது. ஜப்பானில் அந்தப் பிரார்த்தனையை எழுதினால் சரியாக ஆறு எழுத்து. பார்வையற்றோருக்கான பிரெயிலில் ஒரு எழுத்துக்கு ஆறு புள்ளி. எழுத்து இருந்தால் புள்ளி உண்டு, இல்லையென்றால் இல்லை. கிழவிகள் ஜெபமாலை உருட்டிக்கொண்டு முணுமுணுக்கிற வரி சங்கேதமாகிவிட்டது! போவின் "தங்க வண்டு" இல்லாமல் இந்த யோசனை வந்திருக்காது. ஆனால் போவால் இதை எழுதியிருக்கவும் முடியாது. கதையின் கடைசியில் இன்னொரு திருப்பம் இருக்கிறது, அதைத் தொடவில்லை.

அந்தக் கதை அச்சேறியதும் ஒரு கதைதான். அப்போது அவருக்கு நிலையான வேலை இல்லை. தம்பிகளோடு பழைய புத்தகக் கடை வைத்துப் பார்த்தார், தள்ளுவண்டியில் நூடுல்ஸ் விற்றார், கப்பல் பட்டறையில் இருந்தார், எதுவும் ஒட்டவில்லை. கையெழுத்துப் பிரதியை முதலில் ஒரு பெரிய விமர்சகருக்கு அனுப்பினார். பதிலே இல்லை. திருப்பி வாங்கி, "ஷின்செய்னென்" பத்திரிகை ஆசிரியர் மொரிஷிதா உசோனுக்கு அனுப்பினார். அது வெளிநாட்டுத் துப்பறியும் கதைகளை மொழிபெயர்த்துப் போட்டுக்கொண்டிருந்த பத்திரிகை. மொரிஷிதா படித்துவிட்டு, இவ்வளவு நன்றாக இருக்கிறதே, எங்கிருந்தோ சுட்டிருப்பாரோ என்று சந்தேகப்பட்டு கொசகாய் ஃபுபோகு என்ற மருத்துவரிடம் கொடுத்தார். அவர் வெளிநாட்டுக் கதைகளைக் கரைத்துக் குடித்தவர். சொந்தச் சரக்குதான் என்று அவர் சொல்லி, பாராட்டும் எழுதிக் கொடுத்த பிறகு 1923 ஏப்ரல் இதழில் வந்தது.

துப்புத்துலக்கி:
சரி, முதல் பாதியை ஒத்துக்கொள்கிறேன், அவர் நல்ல கதைக்காரர். அப்படியானால் மதுரைவாசகன் வாதம் இன்னும் பலவீனமாகிறதே. இப்படி எழுதத் தெரிந்தவர் எழுதுவதை விட்டுவிட்டுக் கூட்டம் நடத்தியது நஷ்டம்தானே? "மனித நாற்காலி" எழுதியவர் சங்கத்துச் சந்தா வசூல் செய்துகொண்டிருந்தார் என்றால் எனக்கு வயிறு எரிகிறது. நாற்காலிக்குள் ஒருவன் ஒளிந்துகொண்டு, உட்காருகிற பெண்ணுக்குக் கடிதம் எழுதி, கடைசியில் அந்தக் கடிதமே

(இந்தப் பகுதி நெறியாளரால் நீக்கப்பட்டது.)

கயல்:
அண்ணா! முடிவைப் போட்டு உடைத்துவிட்டீர்களே. நான் அதைப் படிக்கவே இல்லை!

துப்புத்துலக்கி:
மன்னிக்கவும். 1925இல் வந்த கதை, நூறு வருடமாகிவிட்டது என்று நினைத்தேன்.

நெறியாளர்:
எத்தனை வருடமானாலும் மர்மக்கதையின் முடிவை இங்கே எழுதக்கூடாது. தொடருங்கள்.

மதுரைவாசகன்:
துலக்கி சொன்ன நஷ்டக் கணக்குக்கு வருகிறேன். எழுத்து நின்றது சங்கத்தால் இல்லை. அதற்கு வெகுகாலம் முன்பே அவர் தடுமாறிக்கொண்டிருந்தார். தன் எழுத்து மேலேயே வெறுப்பு வந்து, "இனி எழுதமாட்டேன்" என்று அறிவித்துவிட்டு ஊர் ஊராகச் சுற்றுவார். ஆளைக் கண்டாலே ஒதுங்குகிறவர். வாழ்நாளில் 46 வீடு மாறியிருக்கிறார். நாகோயா விடுதிக் கதை ஒன்று உண்டு. "ஷின்செய்னென்" பத்திரிகையின் அப்போதைய ஆசிரியர் யோகோமிசோ செய்ஷி கதை வாங்கத் துரத்திக்கொண்டு போகிறார். ரம்போ இல்லை இல்லை என்கிறார். ராத்திரி படுத்த பிறகு, "உண்மையில் ஒன்று எழுதி வைத்திருந்தேன், இப்போதுதான் கழிப்பறையில் போட்டுவிட்டு வந்தேன்" என்றாராம். பத்திரிகை ஆசிரியராக இருந்து பார்த்தவர்களுக்கு அந்த நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். அந்தக் கதையை 1929இல் திரும்ப எழுதினார். துணி ஒட்டிச் செய்த படம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ரயிலில் போகும் மனிதனின் கதை. என்னைக் கேட்டால் அவர் எழுதியதிலேயே சிறந்தது அதுதான்.

இப்படிப்பட்ட ஆள் எப்படிச் சங்கம் கட்டினார் என்பதுதான் என் கேள்வி.

யோகோஹாமாவாசி:
போர்க்காலம். அதுதான் பதில்.

1939இல் "கம்பளிப்புழு" கதையைத் தடை செய்தார்கள். போரில் கை கால் எல்லாம் இழந்து திரும்பிய சிப்பாயும் அவன் மனைவியும். 1929இல் அது வந்தபோது இடதுசாரிகள் போர் எதிர்ப்புக் கதை என்று கொண்டாடினார்கள். ரம்போவோ நான் அதை நினைத்து எழுதவில்லை என்றார். தணிக்கைக்காரனுக்கு அந்த விளக்கமெல்லாம் எதற்கு? போகப்போக அவருடைய மற்றப் புத்தகங்களும் கடையிலிருந்து மறைந்தன. துப்பறியும் கதை என்பதே எதிரி நாட்டுச் சரக்கு என்றாகிவிட்டது. பிழைப்புக்குக் கொமாட்சு ரியூனொசுகே என்று வேறு பெயரில் சிறுவர்களுக்கு எழுதினார். மீதி நேரம் வீட்டில் உட்கார்ந்து பழைய விளம்பரம், விமர்சனத் துணுக்கு, குடியிருந்த வீடுகளின் வரைபடம் எல்லாவற்றையும் ஒட்டி ஒரு பெரிய ஏடு தயாரித்தார். தன் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று நினைக்கிறவன் செய்கிற வேலை.

அந்த நேரத்தில் தெருச் சங்கத்தில் அவரை இழுத்துவிட்டார்கள். ரேஷன், குண்டுவீச்சுப் பயிற்சி, வாளியில் தண்ணீர் கடத்துவது. மனிதரைக் கண்டாலே ஒதுங்கியவருக்கு அது பிடித்துப்போனது! நாலு பேரோடு உட்கார்ந்து குடிக்கப் பழகியதே அப்போதுதான். இதை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். 1945 ஏப்ரலில் குண்டுவீச்சில் அவர் குடியிருந்த டோக்கியோவின் இகெபுகுரோ பகுதி எரிந்தபோது சுற்றுவட்டாரம் போய்விட்டது, அவருடைய வீடும் புத்தகம் வைத்திருந்த மண்சுவர்க் கிடங்கும் தப்பின.

நான் அந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். ரிக்கியோ பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிறது, இப்போது பல்கலைக்கழகத்தின் பொறுப்பில். கிடங்கைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதற்குள் உட்கார்ந்து பேய்க்கதை எழுதினார் என்று ஒரு கட்டுக்கதை உண்டு. போய்ப் பார்த்தால் அங்கே இருப்பது நூலகக்காரனின் ஒழுங்கு. எடோ காலத்துப் பழம் புத்தகங்கள் ஒருபுறம், ஆங்கில மர்ம நாவல்கள் ஒருபுறம், பெட்டி பெட்டியாக.

அரைத்தூக்கம்:
தெருச் சங்கத்தில் கற்றுக்கொண்டு எழுத்தாளர் சங்கம் நடத்தினாரா? எங்கள் அடுக்கக சங்கத்தில் கற்றுக்கொண்டால் மர்மக்கதை எழுதலாம், சங்கம் நடத்த முடியாது.

பழையபேப்பர்:
:)

போர் முடிந்ததும் அவர் செய்ததைப் பாருங்கள். நாடு பட்டினி கிடக்கிறது. இவர் அமெரிக்கச் சிப்பாய்கள் படித்துப் போட்ட மலிவுப் பதிப்புகளைத் தேடிக் கடைகடையாக ஏறி இறங்குகிறார். ஒரு கடையில் வில்லியம் ஐரிஷின் "மாயப் பெண்" கிடைத்தது. வேறொருவருக்காக எடுத்து வைத்திருந்த பிரதி, இவர் விடாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். 1946 பிப்ரவரி 20 அன்று படித்து முடித்ததாக அதிலேயே குறித்து, உலகின் முதல் பத்தில் வைக்கத் தகுந்தது, உடனே மொழிபெயர்க்க வேண்டும் என்கிற பொருளில் எழுதி வைத்தார். கவனியுங்கள், தான் எப்படி இதுபோல எழுதலாம் என்று அவர் குறிக்கவில்லை. ஊரே படிக்க வேண்டும் என்பதுதான் முதல் நினைப்பு.

அதே வருடம் சனிக்கிழமைக் கூட்டம் என்று மாதாமாதம் எழுத்தாளர்களைக் கூட்ட ஆரம்பித்தார். அது 1947இல் துப்பறியும் எழுத்தாளர் சங்கம் ஆனது, இவர் முதல் தலைவர். வருடாவருடம் பரிசு கொடுத்தார்கள். முதல் நாவல் பரிசு யாருக்கு? கழிப்பறைக் கதையில் ஏமாந்தாரே, அந்த யோகோமிசோ செய்ஷிக்கு, "ஹொன்ஜின் கொலை வழக்கு" நாவலுக்காக.

துப்புத்துலக்கி:
நண்பருக்குப் பரிசு. எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

பழையபேப்பர்:
இல்லை தம்பி. அந்த நாவலைப் பற்றி ரம்போ எழுதிய விமர்சனத்தைப் படித்தால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள். மேலைநாட்டு முறையில் தர்க்கம் பிசகாமல் ஜப்பானில் வந்த முதல் நாவல் என்கிற அளவுக்குப் பாராட்டிவிட்டு, எங்கெங்கே ஓட்டை என்றும் சொல்கிறார். நண்பர் என்று விட்டுவைக்கவில்லை.

முன்பின் தெரியாதவர்களுக்கும் அப்படித்தான் செய்தார். தகாகி அகிமிட்சு என்று ஒருவர், உலோகவியல் படித்து விமானக் கம்பெனியில் இருந்தவர், போர் முடிந்ததும் வேலை போயிற்று. ஜோசியக்காரன் நாவல் எழுதச் சொன்னானாம்! எழுதி நேரே ரம்போவுக்கு அனுப்பினார். ரம்போ படித்து, சிபாரிசு செய்து, 1948இல் "பச்சை குத்திய கொலை வழக்கு" வெளிவந்தது. இருபத்தைந்து வருடம் முன்னால் தன் பிரதிக்குப் பதில் வராமல் காத்திருந்த மனிதர் இவர். அதை அவர் மறக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

கயல்:
இந்த ஒரு வரிக்காகவே இந்த இழையைச் சேமித்துக்கொண்டேன் ஐயா.

துப்புத்துலக்கி:
நெகிழ்ச்சி எல்லாம் சரி. ஆனால் ஒரே மனிதரின் ரசனை ஒரு முழு இலக்கிய வகைக்கும் தராசாகிவிடும் ஆபத்து இருக்கிறதே? அவர் போட்ட "சிறந்த பத்து" பட்டியலில் முதல் இடம் ஈடன் ஃபில்பாட்ஸின் "ரெட்மெய்ன்" நாவலுக்கு. 1922இல் வந்தது. இங்கிலாந்தில் இன்று யார் அதைப் படிக்கிறார்கள்? ஃபில்பாட்ஸ் பெயரே அகதா கிறிஸ்டியின் பக்கத்து வீட்டுக்காரர், இளம் வயதில் அவருக்கு ஊக்கம் கொடுத்தவர் என்றுதான் வருகிறது. ஆனால் ஜப்பானில் அந்த நாவல் பெரிய செவ்வியல். ரம்போவுக்குப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். அவரே 1936இல் அதைத் தழுவி "பச்சை உடைப் பிசாசு" எழுதினார். ஒரு ஆள் சொன்னதற்காக ஒரு தேசமே தப்பான புத்தகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது.

யோகோஹாமாவாசி:
தப்பான புத்தகமா? நான் படித்திருக்கிறேன், பாதி வரை இழுவை, அப்புறம் விட முடியாது. ஆனால் உங்கள் கேள்வி நல்ல கேள்வி. அதற்குச் சங்கத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது.

கிகி தகதாரோ என்று ஒருவர். பாவ்லோவிடம் பயிற்சி பெற்ற உடலியல் பேராசிரியர், மர்மக்கதையும் எழுதினார். துப்பறியும் கதை இலக்கியமாக வேண்டும், புதிர் மட்டும் போதாது என்பது அவர் கட்சி. புதிரை விட்டால் அது துப்பறியும் கதையே இல்லை என்பது ரம்போ கட்சி. இத்தனைக்கும் ரம்போ எழுதிய கதைகளில் பாதி புதிரே இல்லாத விபரீதக் கதைகள்! தான் எழுத முடியாததைத்தான் ஒரு மனிதன் அதிகம் மதிப்பான் போலிருக்கிறது. இருவரும் பத்திரிகையில் வெளிப்படையாக மோதினார்கள். 1947இல் ரம்போ எழுதிய பதில் கட்டுரை "ஒரு பாஷோ" பற்றியது. வேடிக்கை விளையாட்டாக இருந்த ஹைகாய் கவிதையை பாஷோ என்ற ஒற்றை ஆள் உச்சத்துக்குத் தூக்கவில்லையா? அப்படி ஒரு மேதை துப்பறியும் கதைக்கும் வந்தால் இரண்டும் ஒன்றாகலாம், வழி மிகக் கடினம், ஆனாலும் முடியாது என்று நான் சொல்ல மாட்டேன் என்றார். எதிராளிக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் முடிக்கிறார். அப்புறம் அதே கிகி அதே சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். ஒரே தராசு என்றால் இது நடந்திருக்குமா?

கூடவே ஒரு துணுக்கு. போருக்குப் பின் அரசாங்கம் பொதுப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பானியர் எழுதும் சீன எழுத்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டது. அதில் "துப்பறிதல்" என்ற சொல்லின் இரண்டாவது எழுத்து விடுபட்டுப்போனது. பத்திரிகையில் அச்சடிக்கவே சங்கடம். அதற்கு மாற்றாகப் பரவியதுதான் "ஊகித்தறிதல் கதை" என்ற பொருள்படும் சுயிரி ஷோசெட்சு. கிகி முன்வைத்த பெயர் அது. சங்கமும் 1963இல் சட்டப்படி பதிவானபோது அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. விவாதத்தில் யார் ஜெயித்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

அரைத்தூக்கம்:
ஒரு எழுத்து காணாமல் போனதால் ஒரு இலக்கிய வகையின் பெயர் மாறியது. இதுவே ஒரு மர்மக்கதை.

மதுரைவாசகன்:
பரிசுக்கு வருகிறேன், ஏனென்றால் என் வாதத்தின் நடுத்தூண் அதுதான். 1954இல் அறுபதாம் நிறைவு விழா. அந்த விழாவில் ரம்போ பத்து லட்சம் யென்னைச் சங்கத்துக்குக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்தது எடோகாவா ரம்போ பரிசு. முதல் பரிசு துப்பறியும் கதை அகராதி தொகுத்த நகாஜிமா கவதாரோவுக்கு. இரண்டாவது, மர்ம நாவல் மொழிபெயர்ப்பு வரிசை வெளியிட்ட ஹயகாவா பதிப்பகத்துக்கு. ஆக, முதல் இரண்டு வருடம் கதை எழுதியவருக்குப் பரிசே இல்லை! அகராதிக்காரனும் பதிப்பாளனும் இல்லாமல் எழுத்தாளன் இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ.

மூன்றாவது வருடம், 1957இல், அச்சாகாத நாவல் கையெழுத்துப் பிரதிக்கு என்று மாற்றினார்கள். பெற்றவர் நிகி எட்சுகோ. சிறு குழந்தையாக இருந்தபோதே முதுகெலும்புக் காசநோய் வந்து படுக்கையோடு இருந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, அண்ணன் வீட்டில் சொல்லிக்கொடுத்த படிப்புதான். படுத்தபடியே எழுதிய நாவல் "பூனைக்குத் தெரியும்". புத்தகம் விற்றுத் தீர்ந்தது. பரிசோடு கொடுத்த சிலை யாருடையது தெரியுமா? ஷெர்லாக் ஹோம்ஸ். ரம்போ சிலையாக மாற்றியது 2003இல்தான்.

கயல்:
கெய்கோ ஹிகாஷினோ அந்தப் பரிசு வாங்கியவர்தானே? அவருடைய மொழிபெயர்ப்பு நாவல்களை நான் ஒன்று விடாமல் படித்திருக்கிறேன்.

மதுரைவாசகன்:
ஆமாம், 1985இல், "பள்ளி முடிந்த பிறகு" என்ற நாவலுக்கு. ஒரு கம்பெனியில் பொறியாளராக இருந்துகொண்டே போட்டிக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். பரிசு வந்ததும் வேலையை விட்டார். பின்னால் 2009 முதல் 2013 வரை அந்தச் சங்கத்துக்கே தலைவர். ரம்போ அறுபதாம் விழாவில் கொடுத்த பணம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

துப்புத்துலக்கி:
இது பலமான சாட்சி. மறுக்கவில்லை. ஆனால் பரிசுக்குப் பணம் கொடுக்கப் பணக்காரர் போதுமே, "மனித நாற்காலி" எழுதியவர்தான் வேண்டுமா? சிறுவர் துப்பறியும் தொடரில் நன்றாகச் சம்பாதித்தார். 1936இல் "இருபது முகக் கள்வன்" ஆரம்பித்ததிலிருந்து அதுதான் அவருக்குச் சோறு போட்டது. இருந்த பணத்தைக் கொடுத்தார்.

பழையபேப்பர்:
பணம் மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. "ஹோசெகி" என்ற துப்பறியும் கதைப் பத்திரிகை நொடித்துப்போனபோது 1957இல் கைப்பணத்தையும் போட்டார், ஆசிரியர் நாற்காலியிலும் தானே உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டிய வயது, ரத்த அழுத்தம் வேறு. ஒவ்வொரு கதைக்கும் மேலே தன் கையால் சின்ன அறிமுகம் எழுதுவார். நான் அச்சகத்தில் இருந்தவன், அதற்கு எவ்வளவு படிக்க வேண்டும் என்று தெரியும். கையால் அடித்துச் சுற்றுக்கு விடும் சிற்றிதழ்களைக் கூடத் தேடிப் படித்திருக்கிறார். அப்படி ஒன்றில் வந்த கதையை எடுத்து மறுபிரசுரம் செய்தார். எழுதியவர் ஹோஷி ஷினிச்சி. ஒரு குடும்பமே சேர்ந்து நடத்திய சிற்றிதழிலிருந்து இன்னொன்றை எடுத்தார், அது சுட்சுயி யாசுதகா. இருவரும் ஜப்பானிய அறிவியல் புனைகதையில் தலையாய பெயர்கள். இது பணக்காரரின் வேலையா? நல்ல கதையைப் பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும். அதற்கு "மனித நாற்காலி" எழுதிய கைதான் வேண்டும்.

துப்புத்துலக்கி:
சரி, இந்த இடத்தில் ஒரு அடி பின்வாங்குகிறேன். ஒரு அடிதான்.

கயல்:
நம்மூரில் இப்படி ஒரு பரிசு இருந்திருந்தால்...

நெறியாளர்:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். போன முறை அந்தப் பேச்சு நாற்பது பக்கம் போனது.

யோகோஹாமாவாசி:
மதுரைவாசகன், உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தின் முன்னுரையை மறுபடி படியுங்கள். மொழிபெயர்ப்பாளர் ஜேம்ஸ் ஹாரிஸுக்கு ஜப்பானிய மொழி பேச வரும், படிக்க வராது. ரம்போவுக்கு ஆங்கிலம் படிக்க வரும், எழுதவோ பேசவோ அவ்வளவாக வராது. வாரம் ஒரு முறை சந்தித்து, ரம்போ ஒரு வரியைப் பல தடவை வாசித்துக் காட்டி விளக்க, ஹாரிஸ் ஆங்கிலத்தில் எழுத, ரம்போ அதைப் பார்த்துத் திருத்தச் சொல்ல, ஐந்து வருடம் ஆனது. ஒன்பது கதைக்கு ஐந்து வருடம்.

மதுரைவாசகன்:
படித்திருக்கிறேன், ஆனால் தலைப்போடு சேர்த்துப் பார்க்கவில்லை. நானே என் கேள்வியைத் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. முதல் பாதி, இரண்டாம் பாதி என்று பிரித்தேன். அவருக்கு அம்மா வாசித்துக் காட்டினார். பிற்காலத்தில் தன் பழைய கதையைத் தானே ஒருவருக்கு வரி வரியாக வாசித்துக் காட்டுகிறார்.

அரைத்தூக்கம்:
எல்லாம் படித்துவிட்டேன். பையனிடம் சொன்னேன், கோனன் பெயர் எங்கிருந்து வந்தது என்று. "தெரியும்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சரி, நான் முதலில் எந்தக் கதையைப் படிப்பது? முடிவைச் சொல்லாமல் சொல்லவும்.

துப்புத்துலக்கி:
"மனித நாற்காலி". ராத்திரி, தனியாக, சோபாவில் உட்கார்ந்து படியுங்கள்.

கயல்:
நானும் இன்று படிக்கிறேன். தரையில் உட்கார்ந்து.